பில்லின் கைரேகை: வங்கிகள் பகிர்வதும் மறைப்பதும்

(ஜவளகிரியில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஜவளகிரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது யானைதான். ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக எல்லை தாண்டி ஜவளகிரி வனச்சரகத்துக்குள் இறங்குகின்றன. அந்த நாட்களில் ஊரில் ரகசியம் என்று ஒன்றும் கிடையாது. எந்தப் பக்கம் நிற்கிறது, எத்தனை உருப்படி, குட்டி கூட வந்திருக்கிறதா என்ற சேதி தளி, தேன்கனிக்கோட்டை வரை கைபேசியில் ஓடும். ஓடியாக வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் போனாலும் உயிருக்கு ஆபத்து.

அதே ஊரில் வேறு வகைச் சேதியும் உண்டு. யார் எந்த வங்கியில் எவ்வளவு வாங்கியிருக்கிறார், எந்தத் தவணை தவறியது, யார் வீட்டு நகை அடகில் இருக்கிறது என்பதெல்லாம் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் நிற்க வேண்டியவை.

இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. ஒரு காரியம் நடந்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஆனால் யாருக்கு, யாரிடம், எவ்வளவு என்பது தெரியக் கூடாது. வங்கிகள் தங்களுக்குள் அமைத்துக்கொள்ளும் தனியார் பிளாக்செயின் (ஒரே ஏட்டைப் பலர் கணினியில் பகிர்ந்து வைக்கும் முறை) வலையமைப்புகள் எல்லாம் இந்த மூன்றாவது வகைச் சேதிக்காக உண்டானவை. அந்த வேலையை அவை எவ்வளவு தூரம் செய்து முடித்தன, எங்கே தடுமாறின என்பதே இந்தப் பேச்சின் பொருள்.

ஒரே பொருளைக் காட்டி இரண்டு இடத்தில் கடன் வாங்குவதைத் தடுக்க இந்த மூன்றாவது வகைச் சேதி வேண்டும். நிலத்துக்கு இந்தச் சிக்கல் எப்போதோ தீர்ந்துவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால், அந்தச் சர்வே எண்ணின் மேல் பதிவான அடமானம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரே சொத்தைக் காட்டிப் பல வங்கிகளில் கடன் வாங்குவதைத் தடுக்க 2011 மார்ச் 31இல் செர்சாய் என்ற மத்தியப் பதிவகமும் வந்தது. நிலம் நகராது, அதற்கு ஓர் எண் இருக்கிறது, ஓர் அலுவலகம் இருக்கிறது.

சரக்கு விற்றதற்கான பில் அப்படியா? அது ஒரு தாள். இப்போது ஒரு பி.டி.எஃப்.

பக்கத்து ஓசூரின் கதையே பெரிய ஆலைகளும் அவற்றைச் சுற்றி முளைத்த சின்னப் பட்டறைகளும்தான். 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து புறப்பட்டது, அதே ஆண்டில் அசோக் லேலண்ட் ஆலை வந்தது, பின்னாலேயே டைட்டன். ஒவ்வொரு பெரிய ஆலைக்கும் பின்னால் கடைசல், பிரஸ், பிளேட்டிங், ரப்பர், பேக்கிங் என்று நூறு வகைச் சப்ளையர்கள். சரக்கு இன்றைக்குப் போகும். பணம் அறுபது நாளோ தொண்ணூறு நாளோ கழித்து வரும். இடையில் கூலி, கரண்ட் பில், கச்சாப்பொருள் எல்லாம் உடனடிச் செலவு. ஆகவே பில்லை வங்கியில் கொடுத்து, கொஞ்சம் வட்டி பிடித்துக்கொண்டு மீதியை முன்கூட்டியே வாங்குகிறார்கள். இதற்குப் பெயர் பில் டிஸ்கவுண்டிங்.

இங்கேதான் ஓட்டை. ஓசூரிலிருந்து கிளம்பினால் சிறிது நேரத்தில் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. இந்தப் பக்கம் ஒரு வங்கி, அந்தப் பக்கம் ஒரு வங்கி. ஒரே பில்லின் நகலைக் காலையில் ஒன்றிலும் மாலையில் இன்னொன்றிலும் காட்டிப் பணம் எடுக்க நினைப்பவரை யார் தடுப்பது? முதல் வங்கி தன் வாடிக்கையாளரின் பில்லைப் பற்றி அடுத்த வங்கிக்குச் சொல்லாது. சொல்லக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பில் பணத்தை வாங்கும் உரிமை கைமாறினால் அதைச் செர்சாயில் பதிய வேண்டும் என்று 2011இன் ஃபேக்டரிங் சட்டம் சொன்னது. ஆனால் அதற்கு 30 நாள் அவகாசமும் கொடுத்தது. ஒரே பகலில் இரண்டு கதவைத் தட்டுபவருக்கு 30 நாள் என்பது ஒரு யுகம். 2021இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்த 30 நாள் கெடு நீங்கியது.

சிறுதொழில்களின் பில்லை இணையத்தில் ஏலம்போல வைத்துப் பல வங்கிகள் வட்டி கேட்கும் முறைக்கு ரிசர்வ் வங்கி 2014 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ட்ரெட்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த ஏற்பாட்டில் முதலில் மூன்று நிறுவனங்கள் உரிமம் பெற்று 2017இல் இயங்கத் தொடங்கின. சிட்பியும் தேசியப் பங்குச் சந்தையும் சேர்ந்து நடத்தும் ஆர்எக்ஸ்ஐஎல் ஒன்று. ஆக்சிஸ் வங்கியும் எம்ஜங்ஷனும் சேர்ந்த இன்வாய்ஸ்மார்ட் இன்னொன்று. மைண்ட் சொல்யூஷன்ஸ் நடத்தும் எம்1எக்ஸ்சேஞ்ச் மூன்றாவது. ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள கம்பெனிகள் ட்ரெட்ஸில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று 2024 நவம்பரில் மத்திய அரசு விதித்தது. ஆகவே ஓசூர்ச் சப்ளையருக்கு இது எங்கோ மும்பையில் நடக்கும் சங்கதி இல்லை.

மூன்று கடை திறந்தால் மூன்று கடையிலும் ஒரே பில்லை வைக்கலாமே என்ற கேள்வி உடனே எழுந்தது. மூவரும் போட்டியாளர்கள். ஒருவர் வாடிக்கையாளர் பட்டியலை மற்றவர் கண்ணில் காட்ட மாட்டார். நடுவில் ஒரு பொதுப் பதிவேடு வைக்கலாம் என்றால், அதை வைத்திருப்பவர் கையில் மூவரின் வியாபாரமும் குவிந்துவிடும். இந்த முடிச்சை அவிழ்க்க 2018இல் மோனிடாகோ என்ற அமெரிக்க நிறுவனம் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்னும் மென்பொருளைக் கொண்டு ஒரு தனியார் பிளாக்செயினை அமைத்தது. மூன்று தளங்களும் அதில் இணைந்தன. சோதனைக்கூடத்தை விட்டு வெளியே வந்து, நிஜப் பில்களோடு ஓடிய வங்கித் துறைப் பிளாக்செயின்களில் உலக அளவிலேயே முந்தியவற்றுள் அதுவும் ஒன்று.

அந்த வலையமைப்பில் பில் போகவில்லை. பில்லின் கைரேகை மட்டும் போனது.

கைரேகை என்றால் என்ன? அதைப் பார்க்க எங்கும் போக வேண்டாம். ஓசூரில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள எந்தப் பட்டறையின் பில்லையும் எடுத்துக்கொள்ளலாம். மேலே ஒரு க்யூஆர் கட்டம். பக்கத்தில் ஐஆர்என் என்ற தலைப்பில் நீளமாக ஒரு குறியீடு. எண்ணினால் சரியாக 64 எழுத்து. அதில் 0 முதல் 9 வரை எண்களும் ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகளும் தவிர வேறு எதுவும் இருக்காது. 2020 அக்டோபரில் பெரிய கம்பெனிகளுக்கு வந்த இந்த இ-இன்வாய்ஸ், 2023 ஆகஸ்ட் முதல் ஐந்து கோடிக்கு மேலுள்ள எல்லோருக்கும் வந்துவிட்டது. விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவணத்தின் வகை, பில் எண் ஆகிய நான்கையும் சேர்த்து ஷா-256 என்ற கணக்கு யந்திரத்தில் போட்டு அரைத்தால் இந்த 64 எழுத்து வந்து விழும். இதைத்தான் ஹேஷ் என்கிறார்கள்.

அரைத்த மாவிலிருந்து மறுபடி அரிசியை எடுக்க முடியாது. ஹேஷிலிருந்து பில்லையும் பின்னோக்கி எடுக்க முடியாது. அதே விவரத்தை எத்தனை முறை போட்டாலும் அதே 64 எழுத்து வரும். ஒரே ஒரு எழுத்தை மாற்றிப் போட்டால் அடையாளமே தெரியாத வேறொரு 64 எழுத்து வரும். ஆகவே ஒரு தளம் ஒரு பில்லுக்குப் பணம் கொடுக்கும் முன் அதன் ரேகையைப் பொது ஏட்டில் தேடுகிறது. ஏற்கெனவே இருந்தால், வேறெங்கோ இந்தப் பில்லுக்குப் பணம் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். எங்கே, யாருக்கு, எவ்வளவு என்பது தெரியாது. தெரியவும் வேண்டாம்.

தனியார் பிளாக்செயின் என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளே எல்லாம் மூடி வைத்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. அந்தச் சொல் குறிப்பது வாசலை மட்டும்தான். 2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயினில் யார் வேண்டுமானாலும் கணினியை இணைத்து முழு ஏட்டையும் படிக்கலாம். பெயர் இருக்காது, எண் இருக்கும். ஆனால் பணம் போன தடம் திறந்து கிடக்கும். 2021இல் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தை முடக்கிப் பறித்த பணத்தில் 63.7 பிட்காயினை அந்நாட்டு நீதித்துறை அந்தத் தடத்தைப் பிடித்துத்தான் மீட்டது. தனியார் வலையமைப்பில் அழைத்தவர் மட்டுமே நுழைய முடியும். நுழைந்த பிறகு? எல்லோரும் ஒரே ஏட்டின் நகலை வைத்திருந்தால், கல்யாண மண்டபத்தின் வெளிக்கதவைப் பூட்டிவிட்டு உள்ளே ஒலிபெருக்கியில் கடன் கணக்கு வாசித்த கதைதான். வங்கிக்கு வெளியாளைவிட உள்ளே உட்கார்ந்திருக்கும் போட்டி வங்கிதான் பயம்.

இந்தப் பயம்தான் கடந்த பத்தாண்டு ஆராய்ச்சியை ஓட்டியது. 2015 செப்டம்பரில் ஒன்பது உலக வங்கிகளோடு ஆர்3 கூட்டமைப்பு வெளியில் வந்தது. அதன் கோர்டா மென்பொருளில் எல்லோருக்கும் அறிவிக்கும் பேச்சே கிடையாது. கொடுக்கல் வாங்கலில் சம்பந்தப்பட்டவருக்கும், ஒரே பொருள் இரண்டு முறை கைமாறவில்லை என்று சாட்சி சொல்லும் நோட்டரி என்ற கணினிக்கும் மட்டுமே சேதி போகும். ஆனால் கைமாறி வந்த சொத்தை வாங்குபவர் அது அசல்தானா என்று பார்க்க, முந்தைய கைகளின் கணக்கையும் பார்க்க வேண்டியிருந்தது. ஜேபி மார்கன் 2016இல் கொண்டுவந்த குவோரம், பொது ஏட்டில் ஹேஷை மட்டும் வைத்துவிட்டு உள்ளடக்கத்தைச் சம்பந்தப்பட்டவருக்கு மறைமொழியில் தனியே அனுப்பியது. அந்த வங்கியே 2020 ஆகஸ்டில் குவோரத்தைக் கன்சென்சிஸ் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது.

ஃபேப்ரிக் வேறு வழியில் போனது. ஒரே வலையமைப்புக்குள் தனித்தனி வாய்க்கால்கள். ஒரு வாய்க்காலில் ஓடுவது அதன் கரையில் இருப்பவருக்கு மட்டும் தெரியும். கேட்க நன்றாக இருக்கிறது. 15 வங்கிகள் இருக்கின்றன, ஒவ்வொரு ஜோடிக்கும் தனி வாய்க்கால் வேண்டும் என்றால் 105 வாய்க்கால் வெட்ட வேண்டும். அத்தனையையும் யார் பராமரிப்பது? ஆகவே 2018இல் ஃபேப்ரிக் 1.2 பதிப்பில் ஒரு மாற்று வந்தது. உள்ளடக்கம் உரியவரின் கணினியில் தங்கும். எல்லோர் ஏட்டிலும் அதன் ஹேஷ் மட்டும் ஏறும். சுற்றிச் சுற்றி எல்லோரும் கைரேகையில்தான் வந்து நின்றார்கள்.

கைரேகை ரகசியம் காக்குமா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எந்த வங்கியும் இதில் இறங்கக் கூடாது.

ஐஆர்என்னையே மறுபடி பார்க்கலாம். அதற்குள் போன நான்கு விவரங்களில் ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் யாரும் தேடி எடுக்கலாம். நிதியாண்டு தெரிந்ததே. ஆவண வகை இரண்டு மூன்றுக்குள் அடங்கும். பில் எண்? பெரும்பாலான பட்டறைகளில் ஏப்ரல் முதல் தேதி ஒன்றில் தொடங்கி வரிசையாகப் போகும். ஒரே ஒரு பில்லைப் பார்த்தவருக்கு அந்த வரிசையின் வடிவம் பிடிபட்டுவிடும். பிறகு ஒன்று முதல் ஆயிரம் வரை எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு ஆயிரம் ஐஆர்என்னையும் உட்கார்ந்த இடத்தில் கணக்கிடலாம். கணினிக்கு அது கண் சிமிட்டும் வேலை. அரிசியை மாவிலிருந்து எடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஊரில் இருக்கும் அரிசி பத்தே வகை என்றால், பத்தையும் அரைத்துப் பார்த்து எது பொருந்துகிறது என்று சொல்லிவிடலாமே.

ஐஆர்என் ரகசியத்துக்காக உண்டானது அல்ல. ஒரு பில்லுக்கு ஓர் அடையாளம் என்பதுதான் அதன் வேலை, அதை ஒழுங்காகச் செய்கிறது. ஆனால் இதே பாணியில் செய்த கைரேகைகளை ஒரு பொது ஏட்டில் வரிசையாக வைத்தால், எதிர்வங்கி ஒன்று ஒரு சப்ளையரின் ஆயிரம் பில்களின் ரேகையையும் தானே செய்து, எத்தனை ஏட்டில் இருக்கின்றன என்று பார்த்துவிடலாம். அந்தப் பட்டறை பண முடையில் இருக்கிறதா, எந்த மாதம் பில்லை அதிகமாக மாற்றியது என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். பில்லை யாரும் காட்டவில்லை. ஆனாலும் ரகசியம் போயிற்று.

இது வெறும் ஊகம் இல்லை. நியூயார்க் நகரம் 2013ஆம் ஆண்டின் 17 கோடிக்கும் மேற்பட்ட டாக்சிப் பயணங்களின் விவரத்தை, வண்டி எண்ணையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் ஹேஷாக்கி மறைத்துக் கொடுத்தது. அந்த எண்களின் வடிவம் எல்லோருக்கும் தெரிந்தது. சாத்தியமான எண்கள் மொத்தமே இரண்டு கோடிச் சொச்சம். 2014இல் ஒரு மென்பொருள் பொறியாளர் எல்லாவற்றையும் ஹேஷ் செய்து ஒப்பிட்டு, ஒரு பொழுதுக்குள் முழுப் பட்டியலையும் அவிழ்த்துக் காட்டினார். நம் ஊர்க் கைபேசி எண்ணும் அப்படித்தான். பத்து இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. மொத்தம் 400 கோடிக்கு மேல் போகாது. இன்றைய கணினிக்கு அது பெரிய எண்ணே இல்லை.

இதற்கு மருந்து என்று பொறியாளர்கள் சொல்வது உப்பு. உண்மையிலேயே அதற்குப் பெயர் அதுதான். அரைக்கும் முன் யாருக்கும் தெரியாத ஒரு நீண்ட எண்ணைக் கூடச் சேர்த்துவிட்டால், வெளியாள் ஊகித்து அரைத்தாலும் பொருந்தாது. கடவுச்சொற்களை இப்படித்தான் காக்கிறார்கள். ஆனால் வங்கிகளின் காரியத்தில் உப்பு ஒரு சங்கடத்தைக் கிளப்புகிறது. ஒவ்வொரு வங்கியும் தன் சொந்த உப்பைப் போட்டால் ஒரே பில்லுக்கு ஆளுக்கொரு ரேகை வரும். இரட்டைப் பில் பிடிபடாது. பொருந்த வேண்டும் என்றால் எல்லோரும் ஒரே உப்பைப் போட வேண்டும். எல்லோருக்கும் அந்த உப்பு தெரிந்தால் உள்ளே இருக்கும் எந்த வங்கியும் மறுபடி ஊகிக்கலாம். அப்படியானால் உப்பை ஒருவர் மட்டும் வைத்திருக்க வேண்டும். அந்த ஒருவர் யார்?

நடுவில் ஒருவரை நம்ப வேண்டாம் என்பதற்காகத்தான் பிளாக்செயினே வந்தது. ரகசியம் வேண்டும் என்று கேட்டதும் அந்த நடு ஆள் பின்வாசல் வழியாகத் திரும்ப வந்து உட்காருகிறார். வாசலில் ஆளை மாற்றலாம், பூட்டை மாற்றலாம். அந்த நாற்காலியைக் காலி செய்ய முடியவில்லை.

அந்த நாற்காலியில் மனிதருக்குப் பதில் யந்திரத்தை உட்கார வைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. கணினியின் சில்லுக்குள்ளேயே பூட்டிய ஓர் அறை இருக்கும். தரவு மறைமொழியில் உள்ளே போய், அங்கே மட்டும் திறந்து, ஒப்பிட்டு, பதில் மட்டும் வெளியே வரும். கணினியின் சொந்தக்காரரே உள்ளே எட்டிப் பார்க்க முடியாது என்பது வாக்குறுதி. மோனிடாகோவும் பின்னாளில் ஆர்3இன் இத்தகைய நுட்பத்துக்கு வந்தது. ஆனால் இன்டெல் சில்லுகளில் இருந்த அப்படிப்பட்ட அறையை ஃபோர்ஷேடோ என்ற தாக்குதலால் திறக்கலாம் என்று 2018இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஓட்டை அடைக்கப்பட்டது; அடுத்த ஓட்டையைத் தேடுவோரும் சும்மா இல்லை. இன்னொரு பாதை, விவரத்தைச் சொல்லாமலே அது சரி என்று நிரூபிக்கும் கணிதம். 1985இல் கோல்ட்வாசர், மிக்காலி, ராக்காஃப் மூவரும் அதற்கு அடித்தளம் போட்டார்கள். தொகை எவ்வளவு என்று வெளியிடாமல் அது குறித்த வரம்புக்குள் இருக்கிறது என்று மட்டும் நிரூபிக்கும் மென்பொருளை ஐஎன்ஜி வங்கி 2017இல் வெளியிட்டது.

வங்கி ரகசியத்தின் மேல் இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்பவருக்கு ஒரு பழைய வழக்கு. இங்கிலாந்தில் டூர்னியே என்பவர் வங்கியில் சொற்பக் கடன் வைத்திருந்தார். அவருக்கு வந்த ஒரு காசோலை சூதாட்டத் தரகர் ஒருவரின் கணக்குக்குப் போனதை மேலாளர் கவனித்தார். டூர்னியே வேலை பார்த்த இடத்துக்குப் போன் செய்து, ஆள் பந்தயம் கட்டுகிறாரோ என்ற சந்தேகத்தைச் சொல்லிவிட்டார். வேலை போயிற்று. சட்ட நூல்களில் 1924 என்று ஆண்டு குறிப்பிடப்படும் அந்தத் தீர்ப்பு, வாடிக்கையாளரின் விவரத்தைக் காப்பது வங்கியின் கடமை என்றும், சட்டத்தின் கட்டாயம், பொதுநலக் கடமை, வங்கியின் சொந்த நலன், வாடிக்கையாளரின் சம்மதம் ஆகிய நான்கு நிலையில் மட்டுமே அதைத் தளர்த்தலாம் என்றும் வகுத்தது. இந்திய வங்கிகளும் இன்றுவரை அந்தத் தீர்ப்பைத்தான் பாடமாகப் படிக்கின்றன. நம் உச்ச நீதிமன்றமும் 2004இல் கனரா வங்கி தொடர்பான ஹைதராபாத் வழக்கில், ஆவணத்தை வங்கியிடம் கொடுத்துவிட்டதாலேயே அதன் மேலுள்ள அந்தரங்க உரிமை போய்விடாது என்று சொன்னது.

டூர்னியே கதையில் மேலாளர் கண்டது ஒரே ஒரு காசோலை. பொது ஏட்டைப் பார்ப்பவருக்கு யார் யாரோடு எத்தனை முறை பேசினார்கள் என்ற வரைபடமே கிடைத்துவிடும். உள்ளடக்கத்தை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும், மாதம் பத்து முறை போன சேதி திடீரென்று நாற்பது முறை போனால் அந்த நாற்பதே ஒரு தகவல்.

இப்போது ஒரு புதுச் சட்டமும் வந்து நிற்கிறது. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தன. தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. தன் விவரத்தைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை அதில் உண்டு. பிளாக்செயினின் பெருமையே எதையும் அழிக்க முடியாது என்பதுதான்.

பட்டறை பில்லில் தனிநபர் விவரம் எங்கே வந்தது என்று தோன்றலாம். ஜிஎஸ்டி எண்ணைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். பதினைந்து எழுத்தில் முதல் இரண்டு மாநிலம்: ஓசூர் என்றால் 33, அத்திப்பள்ளி என்றால் 29. அடுத்த பத்து எழுத்து பான் எண். கம்பெனிக்குக் கம்பெனியின் பான். ஆனால் தனி உரிமையாளராக ஒருவர் நடத்தும் பட்டறைக்கு அது அவருடைய சொந்தப் பான். ஓசூர்ச் சந்துகளில் இரண்டு லேத் வைத்திருப்பவரில் பலர் அப்படித்தான். அவருடைய பில்லை அப்படியே ஏட்டில் ஏற்றினால், நான்கைந்து வங்கிகளின் கணினியில் அவருடைய பான் எண் அழிக்க முடியாமல் உட்கார்ந்துவிடும். ஆகவே விவரத்தை வெளியே சாதாரணத் தரவுத்தளத்தில் வைத்து, ஏட்டில் ரேகையை மட்டும் ஏற்றுகிறார்கள். அழிக்கச் சொன்னால் வெளியே இருப்பதை அழிக்கலாம்; அதன் பிறகு ரேகை அநாதையாக நிற்கும். அந்த அநாதை ரேகையும் ஊகிக்க முடியாததாக இருந்தால்தான் இந்த வாதம் எடுபடும். மறுபடி அதே உப்புப் பிரச்சினை.

நாட்டின் எல்லையும் ஒரு விஷயம். கட்டணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவுக்குள்தான் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6இல் உத்தரவிட்டது. அத்தகைய தரவு ஏறும் ஏட்டின் ஒரு நகல் சிங்கப்பூர்க் கணினியில் இருந்தாலும் கேள்வி வரும்.

இவ்வளவு தலைவலி இருந்தும் வங்கிகள் ஏன் விடவில்லை? 2018 பிப்ரவரியில் வெளியான பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியை நினைத்துக்கொண்டால் போதும். மும்பைக் கிளை ஒன்றிலிருந்து, வங்கிகள் தங்களுக்குள் சேதி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியே, இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளுக்கு உறுதிக் கடிதங்கள் போயின. அந்த ஸ்விஃப்ட் இணைப்பு வங்கியின் சொந்தக் கணக்கேட்டோடு சேர்க்கப்படவில்லை. 13,000 கோடி ரூபாய்க்கு மேல் போனது. இரண்டு ஏடு, இரண்டுக்கும் தொடர்பில்லை. ஒரே ஏட்டை எல்லோரும் பார்த்திருந்தால் என்ற ஏக்கம் அன்று வங்கித் துறை முழுக்க இருந்தது.

முயற்சிகள் அதற்கு முன்பே தொடங்கியிருந்தன. ஐசிஐசிஐ வங்கி 2016 அக்டோபரில் துபாயின் எமிரேட்ஸ் என்பிடி வங்கியோடு சேர்ந்து ஒரு பிளாக்செயின் பரிவர்த்தனையைச் செய்து காட்டியது. ஹைதராபாதில் உள்ள வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான ஐடிஆர்பிடி 2017 ஜனவரியில் இதைப் பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டது. பிறகு 2021இல் 15 வங்கிகள் சேர்ந்து ஐபிபிஐசி என்ற பொது நிறுவனத்தைத் தொடங்கின. ஸ்டேட் வங்கி, கனரா, பரோடா வங்கி ஆகியவற்றோடு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் அதில் பங்குதாரர். உள்நாட்டு எல்சி என்னும் கடனுறுதிக் கடிதத்தைத் தாளில்லாமல் நடத்துவது முதல் குறி. இன்ஃபோசிஸின் ஃபினகிள் மென்பொருள் அடித்தளம். பங்கு எல்லோருக்கும் சமம் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஏனென்றால் வெளிநாட்டில் விழுந்த பிளாக்செயின் முயற்சிகள் பெரும்பாலும் நுட்பத்தால் விழவில்லை. மேர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐபிஎம்மும் நடத்திய ட்ரேட்லென்ஸை மூடப்போவதாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள்; போட்டிக் கப்பல்காரர்கள் மேர்ஸ்க் வீட்டுத் திண்ணையில் தங்கள் கணக்கை விரித்து வைக்கத் தயங்கினார்கள் என்பது ஒரு காரணம். ஐரோப்பிய வங்கிகளின் வீ.ட்ரேட் 2022இல் நொடித்தது. மார்கோ போலோ 2023இல். எல்சிக்காகவே வந்த கான்டூரும் அதே ஆண்டில் கடையைக் கட்டியது. ஆஸ்திரேலியப் பங்குச் சந்தை தன் பழைய தீர்வு முறையைப் பிளாக்செயினுக்கு மாற்ற ஏழாண்டு முயன்று, 2022 நவம்பரில் 25 கோடி ஆஸ்திரேலிய டாலர் அளவுக்கு நட்டம் எழுதிக் கைவிட்டது.

மறுபக்கம், குறுகிய வேலையை எடுத்துக்கொண்டவை தாக்குப் பிடித்தன. 2020இல் சிங்கப்பூரில் ஹின் லியோங் என்ற எண்ணெய் வியாபார நிறுவனம் விழுந்தபோது 23 வங்கிகளுக்கு ஏறத்தாழ 350 கோடி அமெரிக்க டாலர் பாக்கி. ஒரே சரக்கைப் பலரிடம் காட்டியதும் வெளியே வந்தது. அதே ஆண்டில் டிபிஎஸ், ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கிகளின் முன்னெடுப்பில் அங்கே இரட்டைக் கடனைக் கண்டுபிடிக்கும் பதிவகம் தொடங்கியது. ஓசூர்ப் பில்லுக்கும் சிங்கப்பூர் எண்ணெய்க்கும் பிணி ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே ஏட்டில் ஏற்றப் போனவர்கள் களைத்துப் போனார்கள். இந்தப் பில்லுக்கு ஏற்கெனவே பணம் போயிற்றா என்ற ஒரே கேள்வியைக் கேட்டவர்கள் நின்றார்கள்.

ஒரே கேள்வி என்றாலும் அதில் முழு நிம்மதி இல்லை. ஒரு எழுத்து மாறினாலும் ஹேஷ் மாறிவிடும் என்பதால், பில் எண்ணில் ஒரு கோடு சேர்த்துக் கொண்டுவருபவர் தப்பிக்கலாம். ஆகவே ஒரே பில்லுக்கு வெவ்வேறு விவரங்களைச் சேர்த்துப் பல ரேகைகள் எடுக்க வேண்டும். ரேகைகள் கூடக் கூட ஊகிக்கும் வழியும் கூடும். பில்லே பொய் என்றால் அதன் ரேகை சுத்தமாகத்தான் இருக்கும். அதைப் பிடிக்க ஜிஎஸ்டி கணக்கையும் சரக்குப் போன இ-வே பில்லையும் பார்க்க வேண்டும், பிளாக்செயினை அல்ல.

இந்தச் சிரமங்கள் எல்லாம் பெரிய வங்கிகளின் மேல்மாடிப் பேச்சு என்று விட்டுவிட முடியாது. ட்ரெட்ஸில் பில்லை ஏற்றப்போகும் சப்ளையர், கையெழுத்துப் போடும் முன் கேட்கக்கூடிய கேள்விகள் சில இருக்கின்றன. பொது ஏட்டுக்குப் போவது பில்லா, ரேகையா? ரேகை என்றால் எந்தெந்த விவரத்தை அரைத்தது? உப்பு போட்டிருக்கிறதா, அது யாரிடம் இருக்கிறது? ஒரு நாளில் எத்தனை முறை தேடலாம் என்று கணக்கு உண்டா, தேடியவர் பெயர் பதிவாகிறதா? கணக்கை மூடிய பிறகு அழிக்கச் சொன்னால் எது அழியும், எது நிற்கும்? ரிலேஷன்ஷிப் மேனேஜருக்கு இதற்கெல்லாம் பதில் தெரிந்திருக்காது. தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டுத்தான் வாங்க வேண்டும். ஆனால் கேட்டவரின் பெயரும் தேதியும் அந்த மெயிலில் இருக்கும். பிற்காலத்தில் தகராறு வந்தால், பில்லோடு சேர்த்து ஃபைலில் வைக்க வேண்டிய தாள் அது.